அடுப்பில் போட்ட முடி

என் வயதுப் பெண்கள் அநேகம் பேர் வீட்டில் ஒரு போட்டோ இருக்கும். பூச்சடை தைத்து, பட்டுப் பாவாடை கட்டி, முகமும் தெரிய வேண்டும் சடையும் தெரிய வேண்டும் என்று பின்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தி ஸ்டூடியோவில் எடுத்தது. எனக்கும் ஒன்று இருந்தது. வீடு மாறியபோது கறையான் தின்றுவிட்டது. அதில் என் சடை இடுப்பைத் தாண்டித் தொங்கும். எல்லாம் என் சொந்த முடி. அந்த நாளில் செஞ்சி பஜாரில் என் முடிக்கு ஈடாக இன்னொரு முடி இருந்தது என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன், என் அக்காவுடையதைத் தவிர.

அந்த அக்கா முடியைப் பற்றியும், எங்கள் இரண்டு பேருக்கும் தலை வாரிவிட்ட அந்தம்மாவைப் பற்றியும்தான் சொல்லப் போகிறேன். எனக்கு அப்போது பத்து வயது நடந்துகொண்டிருந்தது. மாசியில் ஆரம்பித்து வைகாசியில் முடிந்தது இது.

நைனாவுக்கு பஜாரில் கயிற்றுக் கடை. தாம்புக்கயிறு, உறி, சாக்கு, கோணி ஊசி எல்லாம் கிடைக்கும். கடைக்குப் பின்னாலேயே வீடு. தேங்காய் நார் வாசனை சோற்றில்கூட இருக்கும். வெயில் காலத்தில் மலைப்பாறை பகலெல்லாம் காய்ந்து, பொழுது சாயும்போது அந்த அனலை ஊருக்குள் அனுப்பும். இப்போதும் அப்படித்தான், பாறைக்கு மட்டும் வயது ஆகவில்லை.

அந்தம்மாவைச் சடைக்காரம்மா என்பார்கள். குளத்தங்கரைத் தெருவில் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். புருஷன் பாண்டிச்சேரிப் பக்கம் போனவர் போனவர்தான். பஜாரில் பத்துப் பதினைந்து வீட்டுப் பெண்களுக்கு அவர்தான் தலை வாருவார். எங்கள் வீட்டு முறை வெள்ளிக்கிழமை. சீயக்காய் போட்டுக் குளித்துத் தலையை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மரச்சீப்பு, பேன்சீப்பு, ஈர் உருவுகிற ஈருளி, ஒரு நசுங்கின பித்தளைக் கிண்ணம், பெரிய ஊசி, எல்லாம் ஒரு காக்கிப் பையில் இருக்கும். ஈருளி என்றால் என் பேத்திக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

வந்தவுடன் சீப்பை எடுக்க மாட்டார். முதலில் இரண்டு உள்ளங்கையையும் உச்சியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், பானைத் தண்ணீர் சுட்டுவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் எதாவது சொல்வார்.

“சின்ன பாப்பா, நேத்து சோறு துன்னலியா?”

“உனக்கு யாரு சொன்னது?”

“உன் தலை சொல்லுச்சு. பாவக்காயா?”

பாகற்காய்தான். அம்மா சிரித்துவிடுவாள். “எங்க வூட்டுல ஒரு ரகசியம் வெச்சிக்க முடியல இவளால,” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அக்கா தலையை ஐந்து வயதிலிருந்து அந்தக் கைதான் வாரியது. என் தலையை நான் பிறந்து மொட்டை அடித்து மறுபடி முளைத்த நாளிலிருந்து.

அந்த வருஷம் தை மாதத்தில் வல்லத்திலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தாயார்தான் எல்லாம். அகலமான அம்மாள். கடலை வயலை அவரே நின்று பார்த்துக்கொள்வாராம். அக்காவைத் திரும்பச் சொல்லி, சடையைக் கையில் தூக்கி எடை பார்த்தார். “சவுரி வெக்கலியே?” என்று கேட்டார். அம்மாவுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. சடையை அவிழ்த்தே காட்டிவிட்டாள். வைகாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை சடைக்காரம்மா அக்கா தலையில் கை வைத்தார். எடுக்கவில்லை.

“உச்சி கொதிக்குதும்மா. டாக்டராண்ட காட்டுங்க.”

“கல்யாணப் பொண்ணு மாடியில நின்னு வெயில்ல உளுந்து காய வெச்சா. அதான்,” என்றாள் அம்மா.

“வெயில் சூடு வேற மாதிரி இருக்கும்.”

“நீ தலைய வாரு. வைத்தியம் நான் பாத்துக்கறேன்.”

நாலாம் நாள் அக்கா எழுந்திருக்கவில்லை. டைபாய்டு. இருபத்தோரு நாள் கஞ்சித்தண்ணி. பிழைத்தாள். ஆனால் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினால் முடி தலையணையிலேயே தங்கியது. கோதினால் கைநிறைய வந்தது. மிச்சத்தை ஒட்ட வெட்டிவிட்டால்தான் நன்றாக முளைக்கும் என்று டாக்டர் சொன்னார். சடைக்காரம்மா வந்து கத்தரிக்கோலால் வெட்டினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அந்தம்மா விழுந்ததையெல்லாம் நுனி ஒரு பக்கம் வேர் ஒரு பக்கம் அடுக்கி, ஒரு துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

முடி போன சேதியை வல்லத்துக்குச் சொல்வதில்லை என்று அம்மா முடிவு செய்தாள். நைனா, “சொல்லிடலாமே,” என்றார். “நீங்க கயித்தப் பாருங்க,” என்றாள் அம்மா.

பங்குனி ஆரம்பத்தில் முருங்கைக்கீரை கொடுத்துவிட்டு வரச் சொல்லி அம்மா என்னைக் குளத்தங்கரைத் தெருவுக்கு அனுப்பினாள். சடைக்காரம்மா வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. உள்ளே ஒரு மூங்கில் கொடி. அதில் வரிசையாகத் துணி முடிச்சுகள் தொங்கின. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிற நூல்.

“இன்னா இது?”

“முடிதான். சிக்கெடுக்கும்போது வருதில்ல, அது. மஞ்ச நூலு உங்கக்காவுது, அஞ்சு வயசுலருந்து சேத்தது. செவப்பு உன்னுது. அதோ, பச்சை, மளிகைக் கடை மருமவ.”

“எதுக்கு?”

“எல்லாருக்கும் ஒரு நாள் கொட்டும் பாப்பா. அப்ப ஊரான் முடியில சவுரி வாங்கி வெப்பாங்க. நெறம் ஒத்து வராது, தலையும் அரிக்கும். அவங்கவங்க முடிய சேத்து வெச்சா அவங்கவங்களுக்கே கட்டிக் குடுக்கலாம். உங்கக்காவுக்கு இப்பவே வேண்டியதாப் போச்சு.” பாதி கட்டின சவுரியை எடுத்துக் காட்டினார். அக்கா முடியேதான். அந்தக் கருப்பு எனக்குத் தெரியும். “கல்யாணத்துக்குள்ள முடிச்சிடுவேன். உங்கம்மாகிட்ட நீ சொல்லாத. முழுசா முடிச்சிக்கினு வந்து நானே குடுக்கறேன்.”

நான் சரி என்றேன். வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் என் முடிச்சு அக்கா முடிச்சைவிடப் பெரியதாக இருந்தது. அதை எப்படிச் சொல்லாமல் இருப்பது? வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கையில் முறத்தோடு நின்றாள். “எத்தினி வருசமா வெச்சிருக்கறாளாம்?”

“அக்காவுது அஞ்சு வயசுலருந்து.”

“எங்கிட்ட சொல்லாதன்னு சொன்னாளா?”

“ஆமா.”

இங்கே உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சீவின முடியை உருட்டி, மூன்று தடவை துப்பி, தூரமாக எறிவோமே, அது எதற்கு? முடி ஒருத்தர் கையில் சிக்கினால் தலையே அவர் கையில் சிக்கின மாதிரி என்று நம்பின காலம். சவுரி கட்டத்தான் என்று நானும் சொன்னேன். அம்மா காதில் அது ஏறவில்லை. காய்ச்சல், கொட்டின முடி, ‘சொல்லாதே’ என்ற பேச்சு, இந்த மூன்றையும் அவள் ஒன்றாகக் கட்டிவிட்டாள்.

முறத்தைப் போட்டுவிட்டுப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். குளத்தங்கரைத் தெருக் குழாயில் பத்துக் குடம் வரிசையில் இருந்தது.

“எம்பொண்ணு முடிய எதுக்குடி எடுத்து வெச்சிருக்க?” அதுவரைக்கும் அம்மா அவரை டி போட்டுப் பேசினதில்லை.

“சவுரி கட்டம்மா. பாதி ஆயிடுச்சு, உள்ள வந்து பாருங்க.”

“அஞ்சு வயசுக் கொழந்தைக்குச் சவுரியா? யாரு காதுல பூ சுத்தற? மை வெக்கறவளுக்குத்தான் அடுத்தவ முடி வேணும். எம்பொண்ணு சாவக் கெடந்தாளே, அது உன் வேலைதான?”

குழாயடியில் ஒருத்தரும் குடத்தை நகர்த்தவில்லை. சடைக்காரம்மா திரும்பினார். உள்ளே போய் மஞ்சள் நூல் முடிச்சையும் பாதிச் சவுரியையும் கொண்டு வந்து அம்மா கையில் வைத்தார். “பத்து வருசத்து முடிம்மா. ஜாக்கிரதையா எடுத்துக்கினு போங்க.” சிவப்பு நூல் முடிச்சையும் கொண்டு வந்து கொடுத்தார்.

அம்மா நேராக வந்து எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டாள். முடி எரிகிற நாற்றம் உங்களுக்குத் தெரியும். கடை வரைக்கும் போயிற்று. உள்ளே படுத்திருந்த அக்கா, “இன்னாடி நாத்தம்?” என்றாள். “ஒண்ணும் இல்ல,” என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஏன் அந்தம்மா வரவில்லை என்று கேட்டபோதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொல்லிக்கொடுத்ததையும் சேர்த்து. அவள் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததை நானே பார்த்தேன். சடைக்காரம்மா கொடியிலிருந்த முடிச்சுகளை ஒரு கூடையில் போட்டுக்கொண்டு பஜாரில் வீடு வீடாகப் போனார். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அவரவர் முடியை அவரவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அதைப் பார்த்துக் குற்றமுள்ள நெஞ்சு என்றார்கள். கொடுக்காமல் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஒரு வீடும் மறுபடி கூப்பிடவில்லை. சித்திரை வந்தது. மல்லிகை கூடை கூடையாக வந்து இறங்கியது. பள்ளிக்கூடம் விட்டாயிற்று. பெண்பிள்ளைகளுக்குப் பூச்சடை தைக்கிற நாள் அது. பஜாரில் ஒரு தலையிலும் அந்த மாதம் அவர் கை படவில்லை. அவர் எதைத் தின்றார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. குளக்கரையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்ததை ஒரு நாள் பார்த்துவிட்டு நான் வேறு வழியாக வந்துவிட்டேன்.

அம்மா திண்டிவனத்துக்குப் போய் ஒரு சவுரி வாங்கி வந்தாள். செம்பட்டை. கரிசலாங்கண்ணிச் சாற்றில் இரண்டு நாள் ஊற வைத்தாள், நிறம் ஏறவில்லை. அக்கா தலையில் அப்போது இரண்டு விரற்கடை முடிதான். அதில் ஊசி ஊசியாகக் குத்தி நிறுத்தினாள். மகள் முடி பிறத்தியார் கையில் இருக்கக் கூடாது என்று அடுப்பில் போட்ட அம்மா, எந்த ஊர் யார் முடி என்றே தெரியாததை வாங்கி வந்து மகள் தலையில் கட்டினாள். அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் விநோதமாகப் படவில்லை. இப்போது உட்கார்ந்து யோசித்தால்தான் படுகிறது.

சித்திரைக் கடைசியில் வல்லத்திலிருந்து ஆள் வந்தது. சடைபில்லை செய்திருக்கிறோம், சம்மந்தியம்மா வந்து சடையில் வைத்து அளவு பார்ப்பார் என்று. அம்மா விடியற்காலையிலிருந்து சவுரியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

பதினோரு மணி பஸ்ஸில் வந்தார். ஒரு பை வேர்க்கடலை கொண்டு வந்திருந்தார். மோர் குடித்தார். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். பில்லைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாரே தவிர, திறக்கவில்லை.

“சம்மந்தி, ஒண்ணு கேக்கணும். எங்கூரு சந்தையில பேசிக்கிறாங்க. சடை பின்றவ ஒருத்தி பொண்ணு முடிய எடுத்து செய்வினை வெச்சிட்டாளாமே. நீங்களே அவ வூட்டு வாசல்ல நின்னு கேட்டீங்களாமே. நெசமா?”

அம்மா மோர்த் தம்ளரை எடுத்துத் துடைத்தாள். இல்லை என்றால் குழாயடியில் கேட்ட பத்துப் பேர் சாட்சி. ஆமாம் என்றால் கல்யாணம் அத்தோடு சரி.

“இன்னா, வாயத் தொறக்க மாட்டறீங்க? முடியப் பத்தி எனக்குக் கவல இல்ல. வினை வெச்ச பொண்ண வூட்டுக்குள்ள கூப்புடக் கூடாதுன்னு எங்க பெரியவங்க சொல்றாங்க. அதுக்குத்தான் பஸ் ஏறி வந்தேன். பில்லை சும்மா சாக்கு.”

அக்கா திரும்பி உட்கார்ந்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய் ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்கினாள். சவுரியை எடுத்து மடியில் வைத்தாள்.

“செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல அத்தை. டைபாய்டு வந்துச்சு. முடி கொட்டிடுச்சு. அந்தம்மா என் முடிய எனக்குச் சவுரி கட்டத்தான் வெச்சிருந்தாங்க. அது அடுப்புல போயிடுச்சு. இது என்னுது இல்ல.”

யார் போட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. வல்லத்து அம்மாள் அக்கா தலையைப் பார்த்தார். கையை நீட்டித் தடவினார். “நாத்து மாதிரி மொளச்சிருக்குது,” என்றார். அப்புறம் சொன்னார்: “நீ சொல்ற. அவ இன்னா சொல்றான்னு நான் கேக்கணும். கூப்புடுங்க அவள.”

என்னைத்தான் அனுப்பினார்கள். சடைக்காரம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“உங்க வாசப்படி ஏற மாட்டேன் பாப்பா. பாக்கணும்னா இங்க வரச் சொல்லு. அவங்களுக்கும் காலு இருக்குது.”

அதை அப்படியே வந்து சொன்னேன். அம்மா, “எவ்ளோ திமிரு. நீங்க போறதாவது சம்மந்தி,” என்றாள். “நடந்தா தேஞ்சா பூடுவேன்?” என்று அவர் எழுந்து அக்கா கையைப் பிடித்தார். “முக்காடாவது போட்டுக்கினு போடி,” என்றாள் அம்மா. அக்கா போட்டுக்கொள்ளவில்லை.

நடுப்பகல். பஜார் முழுக்கக் கடை திறந்திருந்தது. மூன்று மாதம் வெளியே வராத கல்யாணப் பெண் மொட்டைக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கிற தலையோடு நடுத்தெருவில் போனாள். தராசுத் தட்டு அந்தரத்தில் நின்றது. நைனா முழம் போட்ட கயிற்றோடு கடையிலிருந்து இறங்கி வந்து குடையை நீட்டினார். அக்கா, “வேணாம் நைனா,” என்றாள். அம்மா இருபது அடி பின்னால் வந்தாள்.

குழாயடியில் அன்றைக்கும் கூட்டம் இருந்தது. வல்லத்து அம்மாள் வாசலிலேயே நின்று கேட்டார்.

“நீதான் சடை பின்றவளா?”

“ஆமாம்மா.”

“இந்தப் பொண்ணுக்கு நீ இன்னா பண்ண?”

“தலை வாரி உட்டேன்.”

“வேற?”

“பேன் பாத்தேன்.”

குழாயடியில் யாரோ சிரித்தார்கள். வல்லத்து அம்மாள் சிரிக்கவில்லை. “வினை வெச்சேன்றாங்க.”

“வெக்கறவ காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே டாக்டராண்ட கூட்டினு போங்கன்னு சொல்லுவாளாம்மா? உச்சி கொதிக்குதுன்னு நாலு நாள் முன்னாடி நான் சொன்னேன். சொன்னனா இல்லியான்னு அவங்களயே கேளுங்க.”

எல்லோரும் அம்மா பக்கம் திரும்பினார்கள். அம்மா தெரு நடுவில், வெயிலில், செருப்பில்லாமல் நின்றாள். அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்குள் பேசின பேச்சு, கேட்டது நாங்கள் மூன்று பேர்தான். இல்லை என்றால் அந்தம்மா அந்த ஊரில் இருக்க முடியாது. அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

“சொன்னா,” என்றாள் அம்மா. ரொம்ப மெதுவாக.

“இன்னா சம்மந்தி? காதுல உழல.”

“சொன்னா. நான்தான் வெயிலுன்னு உட்டுட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல.”

குழாயில் ஒரு குடம் நிரம்பி வழிந்தது. யாரும் எடுக்கவில்லை. சடைக்காரம்மா, “உள்ள வந்து நில்லுங்கம்மா. தரை சுடுது,” என்றார். அம்மா உள்ளே போகவில்லை. ஓட்டு நிழல் வரைக்கும் வந்து நின்றாள்.

வல்லத்து அம்மாள் அப்போதுதான் பில்லைப் பெட்டியைத் திறந்தார். “இது நிக்குமா?”

சடைக்காரம்மா அக்காவை உட்கார வைத்து உச்சியில் இரண்டு கையையும் வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

“நிக்காது. பூ நிக்கும்.”

வைகாசியில் அப்படியே செய்தார். கறுப்பு நூலில் வலை பின்னித் தலையில் போட்டு, காய்ந்த வாழைப்பட்டை மேல் மல்லிகை மொட்டும் கனகாம்பரமும் வரிசை வரிசையாகத் தைத்து, முடியே இல்லாத ஒரு சடையை இடுப்பு வரைக்கும் தொங்கவிட்டார். எங்கள் வீட்டில் இல்லை, கல்யாண மண்டபத்தில். ஆறு மணி நேரம் ஆயிற்று. அக்கா வல்லத்துக்குப் போய் நாற்பது வருஷம் நன்றாக வாழ்ந்தாள். முடியும் வளர்ந்தது, பழைய அடர்த்தி இல்லை.

எல்லா வீடும் திரும்பக் கூப்பிட்டதாக நினைக்காதீர்கள். பாதி வீடு கூப்பிட்டது. மீதிப் பேர் கடைசி வரைக்கும் கூப்பிடவில்லை. அம்மாவுடைய ஒரு வார்த்தை போன தூரத்துக்கு இன்னொரு வார்த்தை போகவில்லை. அம்மா மன்னிப்பு என்று ஒன்றும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. என்னைக் குளத்தங்கரைத் தெருவுக்கு அனுப்பிவைப்பாள், வெள்ளிக்கிழமை தோறும். அந்தம்மா எங்கள் படி ஏறவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை போய் அவர் முன்னால் பலகையில் உட்கார்ந்தேன். அவர் பின்னால், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு. சிக்கெடுத்து முடித்து மூன்று கால் பிரித்துப் பின்ன ஆரம்பித்தார். தலை வாருகிறவரிடம் ஒரு வசதி உண்டு, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டாம். அதனால் எனக்குச் சொல்ல முடிந்தது.

“நான்தான் அம்மாகிட்ட சொன்னேன். நீ சொல்ல வேணாம்னு சொன்னதயும் சொன்னேன்.”

கை நின்றது. கால் நாழிகை மாதிரி இருந்தது எனக்கு. அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கத் தைரியம் இல்லை. அப்புறம் கை மறுபடி பின்ன ஆரம்பித்தது.

“ஆடாம உக்காரு பாப்பா,” என்றார். “வகிடு கோணுது.”